மணக்கும் காமினி: எங்கே நடலாம், எங்கே நடக்கூடாது?

வீட்டுக்கு முன்னால் மணமுள்ள செடி ஒன்று வேண்டும். அது பெரிய மரமாகிக் கூரையை முட்டக் கூடாது. ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்க வேண்டும். வண்ணத்துப்பூச்சிகள் வந்து அமர்ந்தால் பிள்ளைகள் மகிழ்வார்கள். இவ்வாறு கேட்டு வரும் உழவர் குடும்பங்களுக்கு இன்று நாற்றங்கால்களில் பெரும்பாலும் எடுத்துக் கொடுக்கப்படுவது காமினிச் செடியாகும். செடி நல்ல செடிதான். குறைந்த செலவில், அதிகக் கவனமின்றி வளர்ந்து, கோடை மழை பெய்த சில நாட்களில் தெரு முழுவதும் மணக்கும்படி பூத்து நிற்கும். ஆயினும், எலுமிச்சை, சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு ஆகியவற்றைப் பயிரிடும் உழவர்கள் இச்செடியை வாங்கும் முன் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதை நாற்று விற்பவர் சொல்வதில்லை. பலருக்கு அது தெரிவதும் இல்லை. எனவே வளர்ப்பு முறைகளோடு அச்செய்தியையும் சற்று விரிவாகவே இங்குக் காண்போம்.

செடியின் இயல்பு

காமினியின் தாவரவியல் பெயர் முர்ரையா பேனிகுலேட்டா. எலுமிச்சை, நாரத்தை, வில்வம், விளா, கறிவேப்பிலை ஆகியவை அடங்கிய ரூட்டேசி குடும்பத்தைச் சேர்ந்தது. நம் நாட்டு மலைக்காடுகளில் இயற்கையாக வளர்கிறது. தமிழில் இதற்குக் காட்டுக் கறிவேப்பிலை என்ற பெயரும் உண்டு. காமினி என்பது வங்காளத்திலும் வட மாநிலங்களிலும் வழங்கும் பெயர். நாற்றங்கால்கள் வழியாக இப்பெயரே நம் ஊர்களுக்கும் வந்து நிலைத்துவிட்டது.

வெட்டாமல் விட்டால் 3 முதல் 4 மீட்டர் வரை உயரும். இலைகள் கூட்டிலைகள், ஓர் இலையில் பெரும்பாலும் 3 முதல் 7 வரை, சிலவற்றில் 9 வரை, சிற்றிலைகள் மாற்றி மாற்றி அமைந்திருக்கும். சிற்றிலைகள் கரும்பச்சை நிறத்தில் எண்ணெய் பூசியது போல் பளபளக்கும். கறிவேப்பிலையில் சிற்றிலைகளின் எண்ணிக்கை இதைவிட மிக அதிகம். கசக்கி முகர்ந்தால் ஐயமே இராது. பூக்கள் வெண்மையானவை, ஐந்து இதழ்கள் கொண்டவை, கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாக மலரும். மணம் எலுமிச்சைப் பூவின் மணத்தை ஒத்தது. மாலையிலும் இரவிலும் மிகும். பூ உதிர்ந்தபின் ஒரு செ.மீ. அளவில் நீள்வட்டக் காய்கள் பிடித்து, சிவப்பாகப் பழுக்கும். அவற்றில் ஒன்று அல்லது இரண்டு விதைகள் இருக்கும். சின்னான் குருவிகள் இப்பழத்தை விரும்பி உண்கின்றன. வேலியோரத்தில் நாம் நடாத இடத்தில் காமினிக் கன்று முளைத்திருந்தால் அது அவற்றின் வேலைதான்.

செடி வாங்கும்போது பெயர்க் குழப்பம் ஏற்படுவது உண்டு. மரமல்லி, மனோரஞ்சிதம் என்ற பெயர்களைச் சொல்லிக் காமினியைக் கொடுத்துவிடுகிறார்கள். மரமல்லி உயர்ந்து வளரும் பெரிய மரம். அதன் பூக்கள் நீண்ட குழல் போன்றவை. மனோரஞ்சிதம் படர்ந்து ஏறும் கொடி இயல்புடையது. பூ முதலில் பச்சையாகவும் முதிர்ந்தபின் மஞ்சளாகவும் இருக்கும். இலையைப் பார்த்தே வாங்குவது நல்லது.

பூ வருமானத்தை எண்ணி இச்செடியை நட வேண்டாம். மல்லிகை போலத் தொடுத்து விற்க இப்பூ உதவாது. பறித்த சிறிது நேரத்தில் இதழ்கள் கழன்றுவிடும். செடியிலேயே கூட ஓரிரு நாட்களில் உதிர்ந்து தரையை வெண்மையாக்கிவிடும். நகரங்களில் பூச்செண்டு கட்டுவோர் இதன் தழையைப் பக்கத் தழையாக வாங்குவதுண்டு. நகரத்தை ஒட்டி இருப்பவர்களுக்கு அது சிறு வரவாகலாம். முதிர்ந்த தண்டின் கட்டை மிகக் கடினமானது. கருவிகளுக்குப் பிடி போடவும் கைத்தடி செய்யவும் ஏற்றது.

வண்ணத்துப்பூச்சிகள் ஏன் வருகின்றன?

இரண்டு காரணங்களுக்காக வருகின்றன. ஒன்று, பூவிலுள்ள தேன். பகலில் வண்ணத்துப்பூச்சிகளும் தேனீக்களும், அந்தி சாய்ந்தபின் அந்துப்பூச்சிகளும் இதன் பூக்களை நாடும். மற்றொன்று, முட்டையிடுவதற்கு. எலுமிச்சைக் குடும்பத் தாவரங்களின் இலையை மட்டுமே உண்டு வளரும் சில வண்ணத்துப்பூச்சி இனங்கள் உள்ளன. கருநிறச் சிறகில் வெண்புள்ளி வரிசை கொண்டு கறிவேப்பிலையைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும் பூச்சியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது காமினியிலும் முட்டையிடும். கருப்பும் வெளிர் மஞ்சளும் கலந்த எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி நம் எலுமிச்சை நாற்றுகளுக்கு நன்கு பழக்கமானது.

இப்பூச்சிகள் இளந்தளிரின் மேல் உருண்டையான வெளிர் மஞ்சள் முட்டைகளை ஒவ்வொன்றாக இடுகின்றன. வெளிவரும் புழு முதலில் கருமையும் வெண்மையும் கலந்து, பறவையின் எச்சம் இலைமேல் விழுந்து கிடப்பது போலத் தோன்றும். பறவைகள் அதை எச்சமென்று எண்ணி விட்டுச் செல்லும். வளர்ந்தபின் இலையோடு இலையாகப் பச்சை நிறம் பெறும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவடு போன்ற ஓர் உறுப்பை வெளியே நீட்டிக் கடுமையான நாற்றத்தைப் பரப்பும். கடிக்கவோ கொட்டவோ செய்யாது. பிள்ளைகளுக்குத் தாராளமாகக் காட்டலாம்.

வண்ணத்துப்பூச்சி வேண்டும், புழு வேண்டாம் என்று சிலர் மருந்துத் தெளிப்பானை எடுத்துவிடுகிறார்கள். புழு இல்லாமல் வண்ணத்துப்பூச்சி ஏது? வளர்ந்த காமினிச் செடி பத்துப் பன்னிரண்டு புழுக்களுக்கு இலை கொடுத்துவிட்டு மறு மழையில் தழைத்துக்கொள்ளும். ஆனால் எலுமிச்சை நாற்றங்காலில் நிலைமை வேறு. அங்கே நாலைந்து இலை கொண்ட நாற்றை ஒரு புழு இரண்டு நாளில் மொட்டையாக்கிவிடும். நாற்றங்காலில் புழுக்களைக் கையால் பொறுக்கி, அருகில் பெரிய மரம் இருந்தால் அதன்மேல் விட்டுவிடலாம்.

செடியருகே ஆழமில்லாத தட்டில் மணலிட்டு ஈரமாக வைத்தால், ஆண் வண்ணத்துப்பூச்சிகள் அமர்ந்து உப்புச் சத்தை உறிஞ்சும். செலவில்லாத காரியம்.

எலுமிச்சை, ஆரஞ்சு பயிரிடுவோர் கவனத்திற்கு

முன்னர் குறிப்பிட்ட செய்தி இதுதான். எலுமிச்சைக் குடும்பப் பயிர்களைத் தாக்கும் ஆசியச் சைலிட் என்னும் சிறு பூச்சிக்குக் காமினியைப் போல் விருப்பமான இருப்பிடம் வேறில்லை என்றே கூறலாம். ஆராய்ச்சி நிலையங்களில் இப்பூச்சியைப் பெருமளவில் வளர்க்க வேண்டியிருந்தால் அதற்குக் காமினிச் செடிகளையே பயன்படுத்துவார்கள். அந்த அளவுக்கு இதன் தளிரில் அது பெருகும்.

வளர்ந்த சைலிட் பூச்சி 3 முதல் 4 மி.மீ. நீளமே இருக்கும், பழுப்பு நிறம், தொட்டால் தத்திப் பறக்கும். இதை அடையாளம் காண எளிய வழி, அது உட்கார்ந்திருக்கும் விதம். தலையை இலையோடு ஒட்டி, பின்புறத்தைச் சாய்வாகத் தூக்கி, இலையில் முள் குத்தி நிற்பது போல இருக்கும். விரியாத இளந்தளிரின் இடுக்குகளில் மட்டுமே முட்டையிடும். ஒரு பெண் பூச்சி தன் வாழ்நாளில் பல நூறு முட்டைகள் இடக்கூடியது. ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறக் குஞ்சுகள் தளிரின் சாற்றை உறிஞ்சி, வெண்ணிற மெழுகுச் சுருள்களையும் தேன் போன்ற கழிவையும் வெளியிடும். அக்கழிவின்மேல் கரும்பூசணம் படரும். தளிர் முறுகிச் சுருண்டு காய்ந்துவிடும்.

சாற்றை உறிஞ்சுவதால் ஏற்படும் நட்டம் பெரிதன்று. இப்பூச்சி கிரீனிங் என்ற நோயைப் பரப்புவதே அபாயம். சீனத்தில் இதனை ஹுவாங்லாங்பிங் என்பர். இந்நோயை உண்டாக்குவது ஒரு பாக்டீரியா. மரத்தின் சல்லியத் திசுவில், அதாவது இலையில் தயாரான உணவு கீழிறங்கும் குழாய்களில், தங்கி அவற்றை அடைத்துவிடுகிறது. இலையில் மாவுச்சத்து தேங்குகிறது; வேர் பட்டினி கிடக்கிறது. சைலிட் பூச்சியே இந்நோயைக் கடத்துகிறது என்பதை நம் நாட்டு அறிவியலாளர்களான கபூர், ராவ், விஸ்வநாத் ஆகியோர் 1967ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினர்.

இந்நோயைத் துத்தநாகச் சத்துக் குறைவு என்று எண்ணி, ஆண்டுக்கணக்கில் நுண்ணூட்டம் தெளித்துக் காத்திருப்பவர்கள் உண்டு. வேறுபாட்டை இலையிலேயே காணலாம். சத்துக் குறைவால் வரும் மஞ்சள், நடு நரம்பின் இரு பக்கமும் ஒரே மாதிரியாக, கண்ணாடியில் பார்த்தது போல் அமையும். கிரீனிங் நோயின் மஞ்சள் திட்டுகள் ஒரு பக்கம் ஒரு விதமாகவும் மறுபக்கம் வேறு விதமாகவும் ஒழுங்கற்று இருக்கும். ஐயமிருந்தால் நடு நரம்பின் இரு பக்கமும் ஒரே இடத்தில் மையால் வட்டமிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். முற்றிய நோயில் ஏதோ ஒரு கிளை மட்டும் மஞ்சளாகும், காய்கள் சிறுத்து, கோணலாகி, அடிப்பகுதி பச்சையாகவே நிற்கும், சுவை கசக்கும், விதைகள் கருகிப்போயிருக்கும். நோய் புகுந்த மரம் அதை வெளிக்காட்டச் சில மாதங்களும் ஆகலாம், ஓரிரு ஆண்டுகளும் ஆகலாம். அதுவரை அம்மரத்திலிருந்து பூச்சி நோயைச் சுமந்து சென்றுகொண்டே இருக்கும். குணப்படுத்தும் மருந்து இல்லை. 1970களில் சில நாடுகளில் மரத்தண்டில் டெட்ராசைக்ளின் மருந்தை ஏற்றிப் பார்த்தனர். நோய் தற்காலிகமாகத் தணிந்ததேயன்றி நீங்கவில்லை.

கமலா ஆரஞ்சும் சாத்துக்குடியும் இந்நோய்க்கு எளிதில் இரையாகும். எலுமிச்சை ஓரளவு தாங்கும், ஆனால் தப்பாது. கீழ்ப்பழனி மலைப்பகுதியில் ஆரஞ்சுத் தோட்டங்கள் நலிந்ததற்குப் பல காரணங்கள் உண்டு; அவற்றுள் கிரீனிங்கும் ஒன்று.

வீட்டுத் தோட்டத்துக் காமினி இவ்வளவு பெரிய தீங்குக்கு இடம் தருமா என்று கேட்கத் தோன்றும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் நடந்ததைப் பார்ப்போம். 1998ஆம் ஆண்டு சைலிட் பூச்சி அங்கே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது ஆரஞ்சுத் தோப்பில் அன்று. வீட்டுத் தோட்டங்களிலிருந்த காமினிச் செடிகளில்தான். நாற்றங்கால் செடிகள் கடைகடையாகச் சென்றபோது பூச்சியும் உடன் சென்று, மூன்று ஆண்டுகளில் மாநிலத்தின் பெரும்பகுதியில் பரவிவிட்டது. 2005இல் கிரீனிங் நோய் தோன்றியது. 2003–04 பருவத்தில் ஏறக்குறைய 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த அம்மாநிலத்தில் 2022–23 பருவத்தில் சுமார் 1.6 கோடிப் பெட்டிகளே கிடைத்தன. அந்தக் கடைசி ஆண்டில் புயலும் அடித்தது உண்மை. எனினும் சரிவின் பெரும்பகுதி நோயினால் வந்ததே. பிரேசில் நாட்டில் 2004இல் இந்நோய் கண்டறியப்பட்ட பிறகு, ஆரஞ்சு விளையும் பகுதிகளில் தெருவோரக் காமினிச் செடிகளை வெட்டி அப்புறப்படுத்தும் வேலை நடந்தது.

நம் நாட்டில் இப்பூச்சியும் நோயும் நெடுங்காலமாக உள்ளவை. ஆகவே காமினி நட்டால் புதிதாக ஒன்று வந்துவிடும் என்பதல்ல. இருக்கும் பூச்சி தோப்பில் தளிர் இல்லாத மாதங்களிலும் தங்கிப் பெருக இடம் கிடைத்துவிடும் என்பதே அச்சம். எலுமிச்சை மரம் ஆண்டில் சில முறை மட்டுமே தளிர்விடும். காமினியோ, அதிலும் அடிக்கடி வெட்டிவிடும் வேலிச்செடி, எப்போதும் எங்கேனும் தளிர் காட்டிக்கொண்டே இருக்கும். காமினிச் செடியிலும் நோய்க்கிருமி சிறு அளவில் காணப்பட்டுள்ளது. கறிவேப்பிலையிலும் சைலிட் பெருகும். ஆனால் நோய்க்கிருமி அதில் தங்குவதில்லை எனத் தெரிகிறது. தழைக்காக அடிக்கடி ஒடிப்பதால் தளிர்விடும் கறிவேப்பிலைத் தோட்டம் எலுமிச்சைக்கு அருகில் இருந்தால் அதனையும் கண்காணிக்க வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை பின்வருமாறு. புளியங்குடி, சங்கரன்கோவில் போன்ற எலுமிச்சை வட்டாரங்களிலும், கீழ்ப்பழனி, சேர்வராயன் மலைகளில் ஆரஞ்சு பயிராகும் ஊர்களிலும் காமினியை நட வேண்டாம். தோப்பிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி நட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. இப்பூச்சி காற்றின் உதவியோடு ஓரிரு கிலோமீட்டர் வரை செல்லக்கூடியது. எலுமிச்சைக் குடும்ப நாற்றுகள் உற்பத்தி செய்து விற்பவர்கள் காமினியை வேலிச்செடியாக வைத்திருந்தால் அதனை உடனே நீக்க வேண்டும். அங்கிருந்து விற்பனையாகும் ஒவ்வொரு நாற்றும் பூச்சியைச் சுமந்து செல்லும். நெல், கரும்பு, நிலக்கடலை, தென்னை என்று வேறு பயிர்கள் நிறைந்த ஊர்களில் தாராளமாக நடலாம். கொல்லையில் வீட்டுத் தேவைக்காக ஒரே ஒரு எலுமிச்சை மரம் வைத்திருப்பவர், கீழே கூறியுள்ளபடி தளிர்களைக் கவனித்துவர முடிந்தால் நடட்டும். முடியாதவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்வதே நல்லது. உணவுக்கு உதவும் மரத்தையே நான் தேர்ந்தெடுப்பேன்.

இனப்பெருக்கம்

நன்கு சிவந்து பழுத்த பழங்களைப் பறித்து, சதையைப் பிசைந்து கழுவி நீக்கி, நிழலில் ஈரம் வற்றியவுடன் விதைக்க வேண்டும். விதை நெடுநாள் முளைப்புத் திறனுடன் இராது. டப்பாவில் போட்டு அடுத்த பருவத்திற்கு வைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். மண், மணல், மக்கிய தொழு உரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்பிய பாலித்தீன் பைகளில் ஒரு செ.மீ. ஆழத்தில் விதைத்து, நிழலில் வைத்து, பூவாளியால் நீர் தெளித்து வந்தால் மூன்று நான்கு வாரங்களில் முளைக்கும். விதைக் கன்றுகள் பூப்பதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆகும்.

விரைவில் பூக்க வேண்டுமானால் தண்டுக் குச்சிகளையோ பதியன்களையோ நாடலாம். பென்சில் பருமனுள்ள, பச்சை மாறி முற்றத் தொடங்கிய கிளைகளிலிருந்து 15 செ.மீ. நீளக் குச்சிகளை மழைக்காலத்தில் எடுத்து, அடி இலைகளை நீக்கி, வேர்விடும் ஊக்கிப் பொடியில் தோய்த்து ஊன்ற வேண்டும். இதன் குச்சி சற்றுப் பிடிவாதக் குணமுடையது. பத்து ஊன்றினால் பத்தும் பிழைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு மூன்று செடிகள் மட்டும் வேண்டுவோருக்கு விண்பதியனே உறுதியானது. ஓராண்டு முதிர்ந்த கிளையில் இரண்டரை செ.மீ. அகலத்திற்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரமான தென்னை நார்க் கழிவையோ பாசியையோ வைத்துப் பாலித்தீன் தாளால் இறுகக் கட்டிவிட வேண்டும். தாளின் வழியே வேர் நன்கு தெரிந்தபின் வெட்டி எடுத்துப் பையில் நட்டு, நிழலில் தேற்றிக்கொள்ளலாம்.

கன்றை விலைக்கு வாங்குபவர்கள், தளிர் நுனிகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து வாங்க வேண்டும். ஐயமிருப்பின் எல்லாத் தளிர்களையும் அங்கேயே கிள்ளி எறிந்துவிட்டு எடுத்து வரலாம். முட்டையும் குஞ்சும் தளிரில் மட்டுமே இருப்பதால், வளர்ந்த பூச்சிகளையும் உதறி விரட்டிவிட்டால் பெரும்பாலும் தொல்லை தொடர்ந்து வராது.

நடவும் பராமரிப்பும்

வடிகால் வசதியுள்ள செம்மண், வண்டல் கலந்த மண் ஏற்றவை. தண்ணீர் தேங்கும் களிமண்ணில் வேர் அழுகும். உப்பு நீரை இச்செடி தாங்காது. கடற்கரை ஊர்களிலும், கிணற்று நீர் கரிப்பான இடங்களிலும் இலை நுனி கருகி நிற்பதைப் பார்க்கலாம். பாத்திரம் கழுவிய சோப்பு நீரை ஊற்றுவதும் அது போன்றதே. அரிசி, காய்கறி கழுவிய நீரை ஊற்றலாம். அரை நாளாவது வெயில் படும் இடமாக இருக்க வேண்டும். முழு நிழலில் செடி உயரும், பூ குறைந்துவிடும்.

ஒன்றரை அடி நீள, அகல, ஆழமுள்ள குழி எடுத்து, ஒரு வாரம் ஆறவிட்டு, மேல் மண்ணுடன் 10 கிலோ தொழு உரமும் 200 கிராம் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்ப வேண்டும். தென்மேற்குப் பருவமழை கிடைக்கும் பகுதிகளில் ஆடியிலும், மற்ற பகுதிகளில் புரட்டாசி, ஐப்பசியிலும் நடலாம். தனிச் செடியாயின் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் விலக்கியும், வேலியாயின் செடிக்குச் செடி 60 செ.மீ. விட்டும் நட வேண்டும். முதலாண்டில் மழையில்லாத வாரங்களில் இரு முறை நீர் விட்டால் போதும். வேரூன்றியபின் பத்து நாட்களுக்கு ஒரு முறை என்பதே அதிகம்.

நீரைப் பற்றி இன்னொன்று. சில வாரம் காய்ந்த செடிக்குத் திடீரென நல்ல மழையோ நிறைந்த பாசனமோ கிடைத்தால் தளிரும் மொட்டும் ஒன்றாக வெடிக்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நீர் காட்டும் வீடுகளில், செடி பசுமையாக இருந்தும் பூக்கவில்லை என்ற குறை எழுவதற்கு இதுவே காரணம். கோடையில் மூன்று வாரம் காயவிட்டுப் பிறகு பாத்தி நிரம்ப நீர் பாய்ச்சிப் பாருங்கள்.

ஆண்டுக்கு 10 கிலோ தொழு உரத்தை இரண்டு தவணையாக இட்டால் போதுமானது. யூரியா தேவையில்லை. தழைச்சத்து மிகுந்தால் தளிர் மிகும். தளிர் மிகுந்தால் சைலிட் மிகும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில், நரம்பு பச்சையாக இருக்க இளம் இலை வெளுத்துப்போவது உண்டு. அது இரும்புச் சத்துக் குறைவு. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பும் ஒரு கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து மாலை நேரத்தில் இலைகளில் தெளிக்கவும். பத்து நாள் கழித்து மறுமுறை தெளிக்கவும்.

கவாத்து ஆண்டுக்கு ஒரு முறை போதும். பெருவாரியான பூப்பு ஒன்று முடிந்தவுடன் நீண்ட கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, உள்நோக்கி வளர்ந்த குச்சிகளை நீக்கிவிட வேண்டும். மாதந்தோறும் கத்தரித்துச் சதுரமாக வைத்துக்கொள்ளும் நகர வழக்கம் நமக்கு வேண்டாம். கத்தரிக்கும் ஒவ்வொரு முறையும் பூமொட்டு விடவிருந்த நுனி போய், சைலிட்டுக்கு வேண்டிய தளிர் வந்து சேர்கிறது.

பூச்சிகளைக் கண்காணித்தல்

மழைக்குப் பின்னும் கவாத்துக்குப் பின்னும் வரும் மூன்று வாரங்கள் முக்கியமானவை. வெள்ளைத் தாள் ஒன்றைக் கிளைக்கு அடியில் பிடித்து, கிளையைக் குச்சியால் மூன்று முறை தட்டினால் தாளில் விழும் பூச்சிகளை எண்ணிவிடலாம். செடியின் நான்கு பக்கமும் இவ்வாறு தட்டிப் பார்க்க வேண்டும். குஞ்சுகள் மொய்த்த தளிர்களைக் கிள்ளிப் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, இரண்டு நாள் வெயிலில் வைத்தால் மடிந்துவிடும். வீட்டுத் தோட்டத்தில் ஒன்றிரண்டு செடிக்கு இதுவே போதும்.

கிள்ளும் முன் குஞ்சுகளைச் சற்று உற்றுப் பாருங்கள். பழுப்பேறி உப்பிய குஞ்சின் உடலில் ஊசி நுனியளவு துளை இருந்தால் அது டமாரிக்ஸியா என்னும் சிறு குளவியின் வேலை. இக்குளவி நம் நாட்டுக்கு உரியது. 1978இல் ரீயூனியன் தீவுக்கு இங்கிருந்து கொண்டுசெல்லப்பட்டு விடப்பட்டு, அங்கே சைலிட்டை அடக்கிவைத்தது. அத்தகைய தளிர்களையும், பொறிவண்டும் அதன் புழுவும் திரியும் தளிர்களையும் கிள்ளாமல் விட்டுவிடுங்கள்.

பூச்சி மிகுந்தால் லிட்டருக்கு 30 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து, அல்லது 5 சத வேப்பங்கொட்டைச் சாற்றை, மாலையில் தளிர்கள் நனையத் தெளிக்கலாம். பூத்திருக்கும்போது எதையும் தெளிக்க வேண்டாம். செடி முழுவதும் ஊடுருவும் இரசாயன மருந்துகளை இச்செடிக்கு எந்நிலையிலும் பயன்படுத்தக் கூடாது. அவை தேனிலும் மகரந்தத்திலும் சேரும்; வண்ணத்துப்பூச்சிக்காக வளர்த்த செடி அவற்றுக்கே நஞ்சாகும்.

காமினி கூடாத ஊர்களில் என்ன நடலாம்?

மணமும் வேண்டும், வண்ணத்துப்பூச்சியும் வேண்டும், எலுமிச்சைக்குத் தீங்கும் கூடாது என்பவர்களுக்குப் பாவட்டையைச் சொல்வேன். நாற்றங்கால்களில் இதற்கு மதிப்பில்லை. நம் புதர்க்காடுகளிலும் கோயில் காடுகளிலும் கேட்பாரற்று வளர்கிறது. இட்லிப்பூவின் குடும்பத்தைச் சேர்ந்த குறுஞ்செடி. சைலிட் பூச்சிக்கு இதில் வேலையில்லை. வெண்ணிறச் சிறு குழல் பூக்கள் பந்து பந்தாக மலர்ந்து, சூலகத் தண்டு வெளியே ஊசி ஊசியாக நீட்டி நிற்க, நறுமணம் வீசும். தேனுக்காக வண்ணத்துப்பூச்சிகள் பகலில் மொய்க்கும். அதனுடன் சிவப்பு இட்லிப்பூச் செடி ஒன்றையும் சேர்த்து நட்டால் தேன் கிடைக்கும் நாட்கள் கூடும்.

பாவட்டையின் பழம் கறுத்துப் பழுத்தபின் சேகரித்து, கழுவி, புதிதாகவே விதைக்க வேண்டும். காட்டிலிருந்து செடியை வேரோடு பிடுங்கி வருவது சட்டப்படியும் தவறு, பிழைப்பதும் அரிது. செடி வளர்ந்தபின் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஆங்காங்கே கரும்பச்சைப் புள்ளிகள் தெரியும். இலைப்புள்ளி நோய் என்று எண்ணி மருந்து தேட வேண்டாம். அவை அச்செடியோடு உடனுறைந்து வாழும் பாக்டீரியாக்கள் தங்கும் முடிச்சுகள். விதையின் வழியாகவே அடுத்த தலைமுறைக்கும் சென்றுவிடுகின்றன.